போயிட்டாரு

எங்கள் தோட்டத்து ஆபீசுக்கு டெலிபோன் வந்தது ஆயிரத்துத் தொள்ளாயிரத்து இருபதுகளின் நடுவில். சுங்கை சிப்புட்டிலிருந்து கித்தா என்கிற ரப்பர் மரக் காட்டுக்குள் கம்பம் நட்டுக் கம்பி இழுத்துக்கொண்டு வந்தார்கள். நான் அப்போது கல்யாணமாகி, புருஷனோடு பால்வெட்டுக்குப் போய்க்கொண்டிருந்தேன். வாய் நீளம் என்று எங்கள் லயத்து வரிசை வீடுகளில் பெயர் வாங்கியிருந்தேன். அந்த வாய் இன்னும் குறையவில்லை.

பங்களாவிலிருந்து துரை பேசினால் ஆபீசில் கணக்கெழுதும் கிராணி நாற்காலியை விட்டு எழுந்து, தொப்பியைக் கழற்றிக் கக்கத்தில் வைத்துக்கொண்டுதான் பேசுவார். எதிரே ஆளே இல்லை, இருந்தும் குனிவார். நாங்கள் சன்னலுக்கு வெளியே வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தோம். அந்தச் சிரிப்பு அதிக நாள் நீடிக்கவில்லை. எங்களை வேலை வாங்கும் கங்காணி அந்தப் பெட்டியின் ருசியைக் கண்டுகொண்டார். ஞாயிற்றுக்கிழமை வேலையென்றாலும், மழைச் சாரலில் மரத்துக்குப் போகச் சொன்னாலும், டெலிபோனில் சொல்லிவிட்டார்கள் என்பார். முன்பெல்லாம் அவரோடு மல்லுக்கு நிற்கலாம், கெஞ்சலாம், முதுகுக்குப் பின்னால் திட்டலாம். கம்பியோடு யார் சண்டை போடுவது? கொஞ்ச நாளில் எங்களுக்கும் அது தொற்றிக்கொண்டது. ஒரு சேதி நிஜமா என்று யாராவது கேட்டால், "டெலிபோன்லயே வந்துருச்சுலா" என்போம். அதற்கு மேல் பேச்சில்லை.

அந்த வருஷம்தான் அக்கா புருஷனுக்குக் குளிர்காய்ச்சல் முற்றியது. அவரை மாமா என்று கூப்பிடுவேன். அதிகம் பேசாத மனுஷர். ஆனால் படியிறங்கும்போது "வாரேன்" என்று சொல்லாமல் போகமாட்டார். பக்கத்து நிரைக்குப் பால் வெட்டப் போனாலும் சொல்வார். நம் சனங்களில் 'போறேன்' என்று சொல்லிவிட்டு யார் வீட்டை விட்டுக் கிளம்புவார்கள்? ஈப்போ ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக லாரியில் படுக்க வைத்தபோதும், பற்கள் தந்தியடிக்க, அதைச் சொல்லிவிட்டுத்தான் போனார்.

வாரக்கணக்கில் தகவல் இல்லை. அக்கா தினமும் ஆபீஸ் வாசலில் போய் நின்றாள். கடைசியில் கிராணி மனமிரங்கி, டெலிபோன் கைப்பிடியைச் சுற்றி ஆஸ்பத்திரியைக் கூப்பிட்டார். ஊரே கேட்கும்படி கத்தினார். ஆங், ஆங் என்றார். பிறகு தொப்பியைக் கழற்றினார். பேசியது துரை இல்லை என்பது எங்களுக்குத் தெரியும்.

"போயிட்டாருன்னு சொல்றாங்கம்மா" என்றார்.

எங்கே என்று கேட்க யாருக்குமே தோன்றவில்லை. அந்தச் சொல்லைக் கேட்டுவிட்டு எங்கே என்று எவள் கேட்பாள்? அந்தப் பக்கம் பேசியவர் ஏதோ ஒரு தமிழ்ச் சிப்பந்தி. அவர் நேரில் நின்று சொல்லியிருந்தால் முகத்தைப் பார்த்திருப்போம். தலை குனிந்தாரா, ரோட்டுப் பக்கம் கையைக் காட்டினாரா என்று தெரிந்திருக்கும். கம்பி சொல்லை மட்டும் கொண்டுவந்தது. முகத்தை அங்கேயே விட்டுவிட்டது.

உடலை அங்கேயே அடக்கம் பண்ணியிருப்பார்கள் என்று கிராணி தாமாகவே சொல்லிக்கொண்டார். மாமாவின் பழைய சட்டையை மணையில் வைத்துக் காரியம் செய்தோம். அக்காவுக்குத் தாலி அறுத்தார்கள். நான்தான் அவளைப் பிடித்துக்கொண்டிருந்தேன்.

காரியம் முடிந்து கொஞ்ச நாளில், பால் நிறுக்கும் நேரத்தில், செம்மண் ரோட்டில் மாமா நடந்து வந்தார்.

காய்ச்சல் விட்டதும் ஆஸ்பத்திரியில் அனுப்பிவிட்டார்களாம். கால் நிற்கவில்லை. குனோங் ராபாட்டில், சுண்ணாம்புமலை அடிவாரத்தில், கப்பலில் கூட வந்தவர் ஒருவரின் குடிசையில் தெம்பு வரும்வரை கிடந்திருக்கிறார். இதெல்லாம் பிறகு தெரிந்தது. அவரைக் கண்டதும் ஒருத்தி வாளியைப் போட்டுவிட்டு ஓடினாள். கங்காணி பேயை விரட்ட மண்கட்டியைக் கையில் எடுத்தார். மாமா ஏதோ விளையாட்டு என்று நினைத்துச் சிரித்தார்.

"டெலிபோன்ல சொன்னது பொய்யாவுமா?" என்று கங்காணி அவரிடமே கேட்டார். மூச்சு விட்டுக்கொண்டு நிற்கிற மனுஷனிடம்!

எனக்கு ஆத்திரம் பொத்துக்கொண்டு வந்தது. உயிரோடு நிற்கிற ஆளை நம்பாமல் பெட்டியை நம்புவீர்களா என்று கத்தினேன். கிராணி மறுபடி பேசிப் பார்த்தார். அன்றைக்கே சரியாகத்தான் சொன்னோம், குணமாகிப் போய்விட்டார் என்று பதில் வந்தது. டெலிபோனே சொன்ன பிறகுதான் கங்காணி மண்கட்டியைக் கீழே போட்டார்.

ஆனால் அறுத்த தாலியை எந்த டெலிபோன் ஒட்டவைக்கும்? திரும்பக் கட்டினால் இந்தத் தடவை நிஜமாகவே உயிர் போய்விடும் என்று லயத்துப் பெரியவர்கள் சொன்னார்கள். நான் மாரியம்மன் கோயிலிலேயே கட்டலாம் என்று மன்றாடினேன். அக்கா பயந்துவிட்டாள். அவர்மேல் உயிரையே வைத்திருந்தவள், அதனால்தான் பயந்தாள். வெள்ளைச் சேலையும் வெறுங்கழுத்துமாக அவருக்குச் சோறு போட்டாள். அவர் தலையைத் தூக்காமல் சாப்பிட்டார். பிள்ளை பெற்ற வீடுகளில் அவரைக் கண்டால் கதவைச் சாத்தினார்கள். கூட மரம் வெட்டியவன் வேறு நிரை கேட்டு வாங்கிக்கொண்டான். அவரோடு சேர்ந்து வெற்றிலை போட ஆளில்லை. அந்தச் சனங்களை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு வயிறு எரிகிறது.

ஒரு நாள் காலை, நான் பக்கத்து வாசலில் தண்ணீர் பிடித்துக்கொண்டிருந்தேன். மாமா துணிமூட்டையோடு படியில் நின்றார். அக்காவின் கழுத்தையே கொஞ்ச நேரம் பார்த்தார்.

"போறேன்" என்றார்.

அக்கா கதவு நிலையைப் பிடித்துக்கொண்டாள். அவர் ரோட்டுத் திருப்பத்தில் மறையும்வரை அங்கேயே நின்றாள்.

சில நாள் கழித்துக் கிராணி லயத்துக்கே வந்தார். அவருக்கும் உறுத்தியிருக்க வேண்டும். மற்ற தோட்டங்களுக்கு டெலிபோன் பண்ணி விசாரிக்கட்டுமா என்று கேட்டார்.

"வேணாங்கய்யா" என்றாள் அக்கா. "இந்தத் தடவ அவரே என் முன்னால நின்னு சொல்லிட்டாரு."