பிரியாணிச் சட்டிக்காகக் கரையில் விட்ட டியூப்

ஐம்பது வயதில், நீச்சலும் தெரியாமல், துடுப்பில் வேட்டியைப் பாயாகக் கட்டிப் பரிசல் விட்ட மேதை நான்தான்.

மழைக்கு நிறைந்திருந்த சித்தையன்கோட்டைப் பக்கத்துக் கண்மாய் அது. மச்சினன் காற்றடித்த லாரி டியூப் ஒன்றைப் பரிசலில் வைத்திருந்தான். பிரியாணிச் சட்டிக்கு இடமில்லை என்று அதைக் கரையில் இறக்கிப் போட்டேன்.

"மாமா, எனக்கும் நீச்சல் தெரியாது."

"ஏலே, கண்மாயில கப்பலா முங்கப்போகுது? ஏறு."

நடுவில் காற்று வேட்டியை இழுக்க, பரிசல் கவிழ்ந்தது. அதைப் பிடித்துத் தொங்கினோம். மச்சினன் கை இரண்டு தடவை நழுவியது. எனக்குப் பயம்கூட வரவில்லை. மரத்துப்போய், கரையில் கிடந்த டியூபையே பார்த்துக்கொண்டிருந்தேன். ஆடு மேய்த்தவர் ஒருவர் அதே டியூபோடு நீந்தி வந்து எங்களைக் கரை சேர்த்தார்.

இப்போது டியூபை ஏற்றிய பிறகுதான் பரிசலில் கால் வைக்கிறேன். சாப்பாடெல்லாம் கரைக்கு வந்துதான்.

அன்று ஈரத்தோடு உட்கார்ந்து மச்சினன் கேட்டான்: "நான் செத்திருந்தா எங்க அக்காட்ட என்னத்த மாமா சொல்லிருப்பீக?"