ஐரிஷ் பட விழாவில் ஒரு சாவு வீடு

மனைவி போய் இருநூற்று நாற்பத்தோரு நாள் ஆகியிருந்தது. வருஷம் திரும்பாத வீட்டுக்காரன் எந்த விழாவுக்கும் போகக் கூடாது. பக்கத்து வீட்டு ஐரிஷ் அம்மாள், தங்கள் நாட்டுப் பட விழாவுக்கு இரண்டு டிக்கெட் கொடுத்தபோது மகனிடம் இதைத்தான் சொன்னேன்.

“அப்பா, பேருதான் ஃபெஸ்டிவல். உள்ள உட்கார்ந்து படம் பாக்கப் போறோம், தேரா இழுக்கப் போறோம்?”

“செலிப்ரேஷன்னு வேற போட்டிருக்கானேடா.”

“வீட்ல சீலிங்கைப் பாத்துட்டு உட்கார்ந்திருக்கறதுக்கு இது பரவால்ல. ஜாக்கெட் போடுங்க.”

ஃப்ரீமான்ட்டில் ரயில் ஏறிப் பன்னிரண்டாவது நிறுத்தத்தில் இறங்கினோம். வழியில் பேசியது நான்கு வாக்கியம்; நான்கும் குளிரைப் பற்றி. அவள் போனதிலிருந்து வீட்டில் அவளைப் பற்றிப் பேச்சே கிடையாது. நான் உடைந்துவிடுவேன் என்று அவனுக்குப் பயம், எனக்கும் அவனைப் பற்றி அதே பயம். யாராவது அவளைப் பற்றி ஒரு வார்த்தை பேச மாட்டார்களா என்றிருந்தது எனக்கு.

அரங்க வாசலில் பச்சைத் தோரணம், வயலின் வாசிப்பு. தப்பு செய்கிறோம் என்று தோன்றியது. உள்ளே போய் உட்கார்ந்தால் படம் தொடங்கியதே ஒரு சாவு வீட்டில். கிழவர் ஒருவரை முன்னறையில் கிடத்தியிருக்கிறார்கள். சுற்றி உட்கார்ந்து தேநீர் குடித்தபடி, அவர் செய்த அசட்டுத்தனங்களை ஒவ்வொருவராகச் சொல்லிச் சிரிக்கிறார்கள். எண்ணினேன், பதினோரு பேர்.

அவளுக்கு இங்கே ஃப்யூனரல் ஹோமில் ஒன்றரை மணி நேரம் ஒதுக்கினார்கள். முப்பத்தாறு பேர் வந்தார்கள். “பூவும் பொட்டுமா போயிட்டாங்க அங்கிள், குடுத்து வச்சவங்க” என்று ஒன்பது பேர் சொன்னார்கள். பார்க்கிங் பற்றி ஏழு பேர் பேசினார்கள். அவள் எப்படிப்பட்டவள் என்று ஒருவரும் சொல்லவில்லை. நானும் சொல்லவில்லை.

படம் முடிந்து தேநீர் மேசையருகே நின்றிருந்தபோது பக்கத்து வீட்டு அம்மாள் வந்து என் கையைப் பிடித்துக்கொண்டார். உங்கள் மனைவி உங்களைச் சிரிக்க வைத்த ஒரு விஷயம் சொல்லுங்கள் என்று ஆங்கிலத்தில் கேட்டார். எட்டு மாதமாகக் காத்திருந்தது இதற்குத்தான். வாயைத் திறந்தேன். கல்யாணமாகி நாற்பத்தாறு வருஷம், குடியிருந்த வீடு ஐந்து, பிரசவம் இரண்டு, ஆபரேஷன் ஒன்று. வேறெதுவும் வரவில்லை.

மகன்தான் குறுக்கிட்டான். அப்பா ஞாயிற்றுக்கிழமைதோறும் ஒரு வாரத்து மாத்திரைகளை எண்ணி டப்பாவில் போடுவார். அம்மா முன்னாலேயே ஒன்றை எடுத்து ஒளித்துவிடுவார். அவர் திரும்பத் திரும்ப எண்ணும் அரை மணி நேரம் அம்மா நிம்மதியாக டிவி பார்ப்பார் என்று ஆங்கிலத்தில் சொன்னான்.

அந்த அம்மாள் தேநீர் சிந்தச் சிரித்தார்.

“உனக்கெப்படிடா தெரியும்?” என்றேன்.

“அம்மாதான் சொன்னாங்க. ‘உங்கப்பா வாயை அடைக்க வேற வழியில்லடா’ன்னு.”

சொல்லி முடிப்பதற்குள் அவன் கண்ணாடியைக் கழற்றிச் சட்டையில் துடைக்க ஆரம்பித்தான்.

நானும் சிரிக்கத்தான் பார்த்தேன். வாராவாரம் ஒன்று குறையும், மருந்துக்கடைக்காரனைத் திட்டுவேன். எட்டு மாதமாக ஒரு மாத்திரைகூடக் குறையவில்லை. கடைக்காரன் திருந்திவிட்டான் என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.