மழை லீவும் மாம்பழக் கலர் புடவையும்

மழை லீவு விட்டால் அழுகிற பெரியவர்களை நீங்கள் பார்த்திருக்க மாட்டீர்கள். எங்கள் வீட்டில் ஒருத்தி இருந்தாள், என் அத்தை. காஞ்சிபுரம் மாவட்டத்தில் பள்ளிகளுக்கு விடுமுறை என்று டிவியில் கீழே எழுத்து ஓடியதும் நான் கட்டிலில் ஏறிக் குதிப்பேன். அத்தை அடுப்படிக்குப் போய் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொள்வாள். எனக்குப் பற்றிக்கொண்டு வரும். லீவு எனக்குத்தானே, இவளுக்கு என்ன வந்தது?

அப்போது எனக்கு ஏழு வயதிருக்கும். செவிலிமேட்டில் எங்கள் வீடு. கூடத்தில் பாதியைத் தறி பிடித்துக்கொண்டிருந்தது, மீதியில் நாங்கள் இருந்தோம். அப்பா நெய்தார். அவருடைய தங்கைதான் அத்தை. புருஷன் வீட்டிலிருந்து திரும்பி வந்தவள், அப்பாவுக்குத் தறியில் குறுக்கே ஓட வேண்டிய ஊடை நூலைத் தார்க் குச்சியில் சுற்றித் தருவாள். அவளுக்கு ஒரு மகள் இருந்ததை வீட்டில் யாரும் என் காதில் போடவில்லை. பெரிய மனிதர்கள் கூடிப் பேசி, குழந்தை அப்பனிடமே இருக்கட்டும், இவள் அந்த வீட்டுப் பக்கமோ பள்ளிக்கூட வாசலுக்கோ வரக் கூடாது என்று முடித்துவிட்டார்களாம். மூன்று வயதுப் பிள்ளையை அங்கே விட்டுவிட்டு இவள் இங்கே வந்தாள். இதெல்லாம் நான் வளர்ந்த பிறகு தெரிந்துகொண்டது.

ரோட்டில் நிற்கக் கூடாது என்று மட்டும் அந்தப் பெரிய மனிதர்கள் சொல்ல மறந்துவிட்டார்கள். அந்தப் பிள்ளையின் பள்ளிக்கூடம் காஞ்சிபுரம் டவுனுக்குள் இருந்தது, வீடு பாலாற்றுக்கு அந்தப் பக்கம். பள்ளிக்கூடத்தின் மஞ்சள் வேன் எங்கள் செவிலிமேட்டைத் தாண்டித்தான் பாலத்துக்குப் போக வேண்டும்.

அத்தையின் நாள் முழுவதும் அந்த வேனை நோக்கித்தான் ஓடியது. விடிவதற்கு முன்பே எழுந்து ராட்டையில் உட்கார்ந்து, அப்பாவுக்குச் சாயங்காலம் வரைக்கும் வேண்டிய தார்களைச் சுற்றிக் கூடையில் போட்டுவிடுவாள். தண்ணீர் பிடிப்பதா, ரேஷன் கடையா, உறவுக்காரர் வீட்டு விசேஷமா, எல்லாம் மத்தியானத்துக்குள் முடிய வேண்டும். உடம்பு சரியில்லாமல் படுப்பதென்றால்கூட காலையிலேயே படுத்து எழுந்துவிடுவாள். மாம்பழக் கலரில் அவளிடம் ஒரு பாலியஸ்டர் புடவை இருந்தது. காலையில் அதைத் துவைத்து மாடியில் உலர்த்துவாள். மத்தியானம் எடுத்து வந்து கட்டிக்கொண்டு, பவுடர் போட்டு, நான் பள்ளிக்கூடம் விட்டு வருவதற்குள் தயாராக நிற்பாள்.

“ஊருக்கெல்லாம் பட்டு நெய்யற வீட்ல உனக்கு வேற பொடவையே கெடைக்கலியாம்மா?” என்று அம்மா கேலி செய்வாள்.

“இது நல்லாத்தான இருக்குது அண்ணி” என்பதோடு அத்தை முடித்துக்கொள்வாள். ஓடுகிற வண்டியிலிருந்து பார்க்கும் கண்ணுக்கு ஒரே நிறத்தைக் காட்டிப் பழக்கினால்தான் பதியும் என்று அவள் கணக்குப் போட்டிருக்கிறாள். நானோ, பாவம், அவளிடம் வேறு நல்ல புடவை இல்லை போலிருக்கிறது என்று நினைத்தேன்.

அப்பாவுக்கு அந்த நேரம் பார்த்துக் கோபம் வரும். “பாவு நூலு அறுந்துக்கினு கெடக்குது, புடிச்சுக் குடுக்க ஆளக் காணோம். நீ பாட்டுக்குக் கெளம்பிட்டியா?” என்பார். “கோயிலுக்குப் போய்ட்டு வந்துடறேண்ணா” என்று சொல்லிக்கொண்டே அத்தை செருப்பை மாட்டுவாள். கோயில் ஒரு பக்கம் இருந்தது, நாங்கள் தினமும் திரும்பியது மறுபக்கம். அதைப் பற்றி அப்பா ஒரு நாளும் கேட்டதில்லை.

நான் கூடப் போனது பஜ்ஜிக்காக. பஜ்ஜி வண்டிக்காரரும் எங்களை எதிர்பார்த்து எண்ணெயைக் காய வைத்திருப்பார். அத்தையும் பஜ்ஜிக்காகத்தான் அந்த இடத்தில் நிற்கிறாள் என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. அந்த இடத்தில் ரோட்டில் ஒரு ஸ்பீட் பிரேக்கர் இருந்தது. எந்த வண்டியானாலும் அங்கே வேகம் குறைந்து, ஏறி இறங்கித்தான் போயாக வேண்டும்.

மஞ்சள் வேன் தூரத்தில் தெரிந்ததும் அத்தை என்னை முன்னால் நிறுத்தி, தோளில் கை வைத்து, “டாட்டா காட்டு கண்ணு” என்பாள். காட்டுவேன். ஜன்னலோரம் ஒரு பெண், என்னைவிட ஒன்றிரண்டு வயது பெரியவள், ரெட்டைச் சடை போட்டவள், பதிலுக்குக் கை ஆட்டுவாள். சில நாள் நாக்கைத் துருத்துவாள். ஒரு தடவை புதுத் தண்ணீர் பாட்டிலைத் தூக்கிக் காட்டினாள். எனக்குப் பெருமை தாங்கவில்லை. எனக்கு ஒரு வேன் அக்கா இருக்கிறாள், இங்கிலீஷ் ஸ்கூலில் படிக்கிறாள் என்று வகுப்பு முழுக்கத் தண்டோரா போட்டேன். வேன் வரும்போது அத்தையின் விரல்கள் தோளில் அழுந்தி வலிக்கும். வலிக்குதென்று சொன்னால் பஜ்ஜி குறைந்துவிடுமோ என்று பொறுத்துக்கொள்வேன்.

அந்த வருஷம் கார்த்திகையில் புயல் வந்து மழை விடாமல் அடித்தது. லீவுக்கு மேல் லீவு. எனக்குக் கொண்டாட்டம்தான். புடவைதான் காயவில்லை. அத்தை அதை நாற்காலியின் மேல் விரித்து ஃபேனைப் போடுவாள். கரண்ட் போய்விட்டால் ஈரத்தோடேயே கட்டிக்கொண்டு குடையை எடுப்பாள்.

“லீவு அத்த. வேன் வராது. பஜ்ஜி வண்டியும் இருக்காது” என்பேன்.

“அது பிரைவேட்டு ஸ்கூலு கண்ணு. சில நேரம் தொறந்துடுவாங்க, சொல்ல முடியாது” என்பாள். வெறும் ரோட்டில் முழங்கால் வரை நனைந்து நின்றுவிட்டு வருவாள். “இன்னா பைத்தியமோ!” என்று அம்மா முணுமுணுப்பாள். ஆனாலும் தலை துவட்டத் துண்டை எடுத்துக் கையில் கொடுப்பாள்.

மழை விட்டுப் பள்ளிக்கூடம் திறந்த அன்றைக்கு நானும் ஆசையாகத்தான் போனேன். வேன் வந்தது. ரெட்டைச் சடை ஜன்னலில் இருந்தது. கையைத் தூக்கி ஆட்டினேன். அவள் என்னைப் பார்க்கவில்லை. என் தலைக்கு மேலே பார்த்தாள். வண்டி ஏறி இறங்கும்போது உள்ளங்கையைக் கண்ணாடியில் விரித்து வைத்துக்கொண்டாள், சிரிக்கவே இல்லை. வேன் பாலத்துப் பக்கம் போகிறவரைக்கும் கழுத்தைத் திருப்பித் திருப்பி அத்தையையே பார்த்துக்கொண்டு போனாள்.

எனக்கு ரோஷம் பொத்துக்கொண்டு வந்தது. ரோடென்றும் பார்க்காமல் கத்தினேன். “அவ என்னப் பாக்கவே இல்ல அத்த! உன்னத்தான் பாத்தா! உனக்குத்தான் டாட்டா காட்னா!”

அத்தை அப்படியே குந்திவிட்டாள். என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டு, “இன்னொரு தபா சொல்லு” என்றாள். சொன்னேன். “நெஜமா? என்னியா பாத்துச்சு?” என்றாள். “ஆமாம்! உன்னத்தான்!” என்று காலை உதைத்தேன். அவள் சிரித்தாள், கண்ணிலிருந்து தண்ணீரும் கொட்டியது. அன்றைக்குப் பஜ்ஜி வேண்டிய மட்டும் கிடைத்தது. கோபம் மாறாமலே எல்லாவற்றையும் தின்றேன்.

மறுநாள் அந்த ஜன்னலில் வேறு ஒரு பையன் உட்கார்ந்திருந்தான். அதற்கடுத்த நாளும் அவன்தான். அத்தை மட்டும் விடாமல் போய்வந்தாள். எனக்குத்தான் இனி அந்த வேன் அக்காவோடு டூ என்பதால் நான் போகவில்லை. பிறகு ஒரு நாள் அப்பா வெளியே போய் விசாரித்துவிட்டு வந்து, “ஓசூருக்கே போய்ட்டாங்களாம், வீட்டையும் காலி பண்ணிட்டாங்களாம்” என்று அம்மாவிடம் சொன்னார். அத்தை ராட்டையை நிறுத்தாமல் கேட்டுக்கொண்டிருந்தாள்.

அன்று சாயங்காலம் வழக்கமான நேரம் வந்தும் அவள் எழுந்திருக்கவில்லை. மாம்பழக் கலர் புடவை மாடியிலேயே கிடந்தது. அப்பா தறியை நிறுத்தினார். தினமும் அந்த நேரத்துக்கு எரிந்து விழுகிற மனுஷன், அவராகவே, “நேரம் ஆவுதே, போய்ட்டு வாயேம்மா” என்றார்.

“எங்கண்ணா போறது?” என்றாள் அத்தை.

அதற்கப்புறம் வெகுநாள் வரைக்கும் அந்த நேரத்துக்கு என்னைக் கூப்பிட்டுப் பக்கத்தில் உட்கார வைத்துக்கொள்வாள். “கண்ணு, அன்னிக்கு ரோட்ல இன்னா சொன்ன?” என்பாள். எனக்கு மறுபடியும் பற்றிக்கொண்டு வரும். அவ என்னப் பாக்கல, உன்னத்தான் பாத்தா என்று ஒவ்வொரு தடவையும் அழாத குறையாகச் சொல்வேன். முடித்ததும் இன்னொரு தபா என்பாள். எனக்கிருந்த ஒரே வேன் அக்கா என்னை விட்டுவிட்டு இவளைப் பார்த்திருக்கிறாள், அதைத் திரும்பத் திரும்ப என் வாயாலேயே சொல்ல வைத்து ரசிக்கிறாளே, இந்த அத்தைக்கு என் மேல் கொஞ்சம்கூட இரக்கமே கிடையாதா என்று நான் அம்மாவிடம் போய் அழுதேன்.