எல்விரா தண்ணீர் ஊற்றாத செடி

எல்விரா பள்ளிக்கூடச் சமையலறையில் முப்பது வருஷம் கரண்டி பிடித்தவள். போதும் என்று தட்டை இழுத்துக்கொள்ளும் பிள்ளைக்கும் இன்னொரு கரண்டி பீன்ஸ் வைத்துவிட்டுத்தான் மறுவேலை பார்ப்பாள். எங்கள் ஊர் சபாத்தாவில் இன்று நடமாடும் தொந்திகளில் பாதி அவள் வளர்த்தவை. நான் அவளுக்குப் பக்கத்து வீட்டுக்காரி. என் தொந்தியையும் அதில் சேர்த்துக்கொள்ளலாம்.

அவள் புருஷன் லிப்ராதோ, மாட்டுப் பண்ணைகளுக்கு வேலி கட்டியவர். பக்கவாதம் வந்து வலது கையும் காலும் விழுந்துவிட்டன. கையை உபயோகித்துக்கொண்டே இருந்தால்தான் திரும்ப வரும் என்றார் டாக்டர். எல்விரா பவ்யமாகத் தலையாட்டிவிட்டு, வீட்டுக்கு வந்ததும் ஸ்பூனைத் தன் கையில் எடுத்துக்கொண்டாள். ஊட்டினாள், வாய் துடைத்தாள், தலை வாரிவிட்டாள். அவருக்குப் பேச்சு குழறும். அவர் ஆரம்பிக்கிற வாக்கியத்தை அவள் முடித்து வைப்பாள், பெரும்பாலும் தப்பாக.

அவர் முழுதாகச் சொல்லி முடித்த ஒரே ஆசை, ஜன்னலுக்கு எதிரே ஒரு செனீசோ வேண்டும் என்பது. எங்கள் குன்றுகளில் அந்தப் புதர்தான் எங்கே பார்த்தாலும். வருஷம் முழுக்கச் சாம்பல் பூசிய இலையோடு நிற்கும். காற்றில் ஈரம் ஏறினால் மழைக்கு முன்பே உடம்பெல்லாம் ஊதாவாகப் பூத்துவிடும். அதை வீட்டில் வைப்பார்களா என்று ஊரே சிரித்தது. எல்விரா லாரேடோ வரை போய் நர்சரியில் வாங்கி வந்தாள்.

வந்த செடிக்கும் அதே உபசாரம்தான். காலையும் மாலையும் தண்ணீர், கோழி எரு, முட்டை ஓடு, காபித் தூள். செடி கொழுகொழுவென்று பச்சையாக வளர்ந்து ஒரு பக்கமாகச் சாய்ந்தது. குன்று இரண்டு முறை ஊதாவாகி அடங்கியது. ஜன்னலடியில் ஒரு மொட்டுகூட இல்லை. கீழ் இலைகள் மஞ்சளாகத் தொடங்கின. அவள் இன்னும் ஒரு வாளி ஊற்றினாள்.

அன்று அவர் வாயை இறுக மூடிக்கொண்டார். கோழிச் சாறு சட்டையில் வழிந்தது. பிறகு நிதானமாகச் சொன்னார்.

“கிழவி, அதுக்கும் ஊத்தாதே. எனக்கும் ஊட்டாதே.”

எல்விரா என் சமையலறைக்கு வந்து அழுதாள். “செத்துப்போயிடுவாருடீ,” என்றாள். அவளுக்கு உண்மையிலேயே அந்த பயம் இருந்தது. கையை வைத்துக்கொண்டு சும்மா இருக்கத் தெரியாததால், அன்று முதல் பகலெல்லாம் என் வீட்டில்தான். என் புல்தரை சேறாகிவிட்டது. என் புருஷன் நபோருக்கு பெல்ட்டில் புதிதாக ஓட்டை போட வேண்டியதாயிற்று. அவர் ஒரு குறையும் சொல்லவில்லை.

அங்கே செடி இலையை உதிர்த்தது. லிப்ராதோவும் இளைத்தார். மேஜையில் அவள் மூடி வைத்துவிட்டு வரும் சாப்பாட்டில் பாதி அவர் மடியில்தான் போயிற்று. இரண்டையும் நான்தான் கொல்கிறேன் என்று அவள் புலம்புவாள். எனக்கும் அப்படித்தான் தோன்றியது.

செப்டம்பரில் வளைகுடாப் பக்கமிருந்து பிசுபிசுவென்று காற்று வந்தது. மறுநாள் மத்தியானம் நானும் எல்விராவும் என் வாசலில் நின்று வேலிக்கு அப்பால் பார்த்தோம். ஜன்னலடியில் இருந்த குச்சியெல்லாம் ஊதா. ஜன்னலோரம் அவர் உட்காரும் நாற்காலி காலி. லிப்ராதோ கைத்தடியை இடது கையில் ஊன்றிக்கொண்டு செடியிடம் நின்றிருந்தார். வலது கையை மெல்லத் தூக்கி ஒரு கிளையைப் பிடித்தார். நழுவியது. திரும்பப் பிடித்தார்.

எல்விரா வேலிவரை ஓடினாள். அங்கே போய், என்ன நினைத்தாளோ, கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றுவிட்டாள். மழை விழ ஆரம்பித்தது. மூவரும் நனைந்தோம்.

லிப்ராதோ திரும்பிப் பார்த்தார்.

“கிழவி, பசிக்குது.”

கல்யாணமான நாள் முதல் அந்த வார்த்தையை அவர் சொன்னதே இல்லை. பசிக்க அவள் விட்டதில்லை. எல்விரா முகத்தைத் துடைத்துக்கொண்டாள். மழையோ அழுகையோ, இரண்டும்தான்.

“என்ன வேணும்?” என்று கேட்டுவிட்டு, அவர் சொல்லி முடிக்கும்வரை வாயைத் திறக்காமல் நின்றாள்.