என் வரிசையில்தான் வருவேன்

ஆவடியில் எங்கள் சபையில் திருவிருந்தின் திராட்சரசத்துக்கு ஒரே பாத்திரம்தான். எனக்கு எச்.ஐ.வி. இருப்பது எப்படியோ வெளியே தெரிந்துபோய், அந்த ஞாயிறு, வரிசையை ஒழுங்குசெய்யும் ஸ்டெல்லா அக்கா என்னைத் தடுத்து நிறுத்தினார்.

"எல்லாரும் வாய் வெக்கிற பாத்திரம். நீ கடைசியா வாம்மா."

பயமாகத்தான் இருந்தது. ஆனாலும் சொன்னேன்.

"எச்சில்ல இது ஒட்டாதுக்கா. தெனம் மாத்திரை போட்டுக்கினு கீறேன். டெஸ்ட்ல கிருமியே தெரியல. எம் புருசனுக்கும் வரல, புள்ளைக்கும் வரல. நான் என் வரிசையிலதான் வருவேன்."

போய் முழங்காலிட்டேன். ஆயர் தயங்காமல் பாத்திரத்தை நீட்டினார். குடித்தேன். என் பக்கத்து இடத்துக்கு யாரும் வரவில்லை.

அடுத்த மாதத் திருவிருந்தில் அந்தப் பக்கத்து இடத்தில் ஸ்டெல்லா அக்காவே வந்து முழங்காலிட்டார். எனக்குப் பின் அதே பாத்திரத்தில் குடித்தார்.

உடம்பை மாத்திரை பார்த்துக்கொள்கிறது. பயத்தை விடுவது மட்டும் என் வேலையாக இருந்தது. விட்டுவிட்டேன்.