வெங்காய அறையில் எடுத்த பாட்டுகள்

எங்கள் அல்பத்தில் எட்டுப் பாட்டுகள். முதல் பாட்டில் என் குரல் கேட்பவரின் காதோரம் நின்று பாடுவதுபோல் இருக்கும். போகப் போகத் தள்ளிப் போகும். கடைசிப் பாட்டில், ஆளில்லாத மண்டபத்தில் நின்று பாடுகிறேனோ என்று தோன்றும். கேட்டுவிட்டு எழுதிய சிலர், நாங்கள் யோசித்துச் செய்த உத்தி என்று அதை மெச்சியிருந்தார்கள். உண்மையில், அப்பா வெங்காயத்தை விற்றுக்கொண்டிருந்ததுதான் காரணம்.

மருதனார்மடத்துக்குக் கிட்ட எங்கள் வீடு. தோட்டத்தில் கிண்டிய வெங்காயத்தை அப்பா பிடிபிடியாகக் கட்டி, கிணற்றடிப் பக்கத்து அறையில் மேலே முழுக்கத் தொங்கவிட்டு, நல்ல விலை வரும் வரை வைத்திருப்பார். அறை நிறைந்திருக்கும்போது உள்ளே கதைத்தால் துளி எதிரொலி இருக்காது; விற்று விற்று அறை வெறுமையாக, எதிரொலி கூடும். காசு கொடுத்து ஸ்ரூடியோவுக்குப் போக வழியில்லாத எங்களுக்கு அது போதும். கண் எரியும், உடுப்பெல்லாம் மணக்கும். பழகிவிட்டோம்.

'எங்களுக்கு' என்றால் எனக்கும் அண்ணைக்கும். கூடப் பிறந்தவர் அல்ல. வயதில் மூத்தவர் என்பதால் அண்ணை. வல்வெட்டித்துறையில் கடற்றொழில் செய்யும் குடும்பம் அவருடையது. அவர் மட்டும் கடலுக்குப் போகாமல் கல்யாண வீடுகளில் கீபோர்ட் வாசித்தார். நான் நல்லூரில் ஒரு ரியூசன் சென்ரரில் ஆங்கிலம் படிப்பித்துக்கொண்டிருந்தேன். கூடப் படிப்பித்தவளின் கல்யாணத்தில்தான் அவரைக் கண்டேன். சனம் பந்தியில் இருந்த நேரம், ஒருவரும் கவனிக்கவில்லை என்று நினைத்து, எண்பதுகளில் இங்கிலாந்திலிருந்து வந்த நியூ வேவ் பாட்டுகளின் சாயலில் எதையோ வாசித்துக்கொண்டிருந்தார். கண்ணாடிக் குவளையைத் தட்டினாற்போல மணிச்சத்தம், அடியில் நடைபோடும் தாளம், துள்ளலாக இருந்தும் உள்ளுக்குள் ஒரு துக்கம். அந்தப் பாட்டுகளை நான் போனில் தேடித் தேடிக் கேட்டுக்கொண்டிருந்த காலம் அது. சோற்றுக் கோப்பையோடு போய் அவருக்கு முன்னால் நின்றேன்.

"உந்தச் சத்தம் எங்கை எடுத்தனீங்கள்?"

"உது பழைய கீபோர்ட், தங்கச்சி. உதிலை வேறை சத்தம் வராது," என்று சிரித்தார்.

அப்படித்தான் தொடங்கியது. ஞாயிற்றுக்கிழமைகளில் மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு, கீபோர்டை மோட்டார்சைக்கிளில் கட்டிக்கொண்டு வருவார். நான் தமிழில் எழுதி வைத்திருப்பேன். அவர் மெட்டுப் போடுவார். கோயில் ஒலிபெருக்கி ஓய்ந்திருக்கும் நேரத்துக்கும் பின்னேரம் அப்பா தோட்டத்துக்குத் தண்ணீர் இறைக்கத் தொடங்கும் நேரத்துக்கும் இடையில் பாடி முடித்துவிட வேண்டும். மோட்டர் இரைந்தால் அன்றைய வேலை முடிந்தது. ஒருநாளும் எங்களுக்காக அப்பா அதை நிறுத்தியதில்லை. பயிர் காயும் என்பார்.

அம்மா சமையலுக்கு வெங்காயம் எடுக்க வருவா. கீபோர்டில் ஓடும் ட்ரம் தாளத்தைக் கேட்டுவிட்டு, "ஏன் பிள்ளை, உது நெல்லுக் குத்துற மாதிரி ஒரே சீரா அடிக்குது?" என்பா. அண்ணைக்குத் தேத்தண்ணி வைத்துவிட்டுப் போய்விடுவா. அவ்வளவுதான் அம்மாவுக்கும் எங்கள் பாட்டுக்கும் தொடர்பு என்று நினைத்திருந்தேன்.

ஆறாவது பாட்டு, கடைசி பஸ்ஸைத் தவறவிட்ட இரண்டு பேரைப் பற்றியது. அதற்கு இரண்டாவது குரல் ஒன்று வேண்டும். நானே பாடிப் பார்த்தேன். என் குரலோடு என் குரலே ஒட்டவில்லை. அண்ணை அலுத்துப்போய்த் தலையைச் சொறிந்துகொண்டிருந்தார். வெங்காயப் பிடியை அவிழ்த்துக்கொண்டு நின்ற அம்மா திரும்பாமலே சொன்னா:

"அந்த இடத்திலை மேலை போகாமல், கொஞ்சம் கீழை இறங்கி வந்தால் என்ன?"

சொன்னதோடு நிற்காமல் பாடியும் காட்டினா. மெல்லிய, கொஞ்சம் கரகரத்த குரல். அண்ணை என்னைப் பார்த்தார். நான் அம்மாவைப் பார்த்தேன். இருபத்தைந்து வருடத்தில் அம்மா பாடி நான் கேட்டதில்லை.

"அன்ரி, இன்னொருக்கா பாடுங்கோ. இதிலை எடுப்பம்."

"விசரே தம்பி உமக்கு?" என்று வெங்காயத்தோடு குசினிக்குப் போய்விட்டா.

நான் பின்னாலேயே போனேன். "அம்மா, நீங்கள் பாடுவீங்கள் எண்டு ஒருநாளும் சொல்லேல்லையே?"

"பள்ளிக்கூடத்திலை பாடினனான். என்ரை அண்ணன்மாரின்ரை கசற்றிலை உப்பிடிச் சத்தம்தான் வரும். அதைக் கேட்டுக் கேட்டுப் பாடுவன். பிறகு சண்டைக்குள்ளை இடம்பெயர்ந்து திரிஞ்சதிலை ஆர் பாடினது?"

உரித்த வெங்காயத்தை வெட்டிக்கொண்டே இருந்தா.

அடுத்த ஞாயிறு நாங்கள் வேறொரு பாட்டில் இருந்தோம். கதவு திறந்தது. தலை வாரி இழுத்து, பவுடர் பூசி, கோயிலுக்குக் கட்டுகிற சேலையோடு அம்மா நின்றா, படம் எடுக்கப் போகிறவ மாதிரி.

"இப்ப எடுங்கோ," என்றா.

முதல் தரம் குரல் நடுங்கியது. இரண்டாம் தரம் சொல் மாறியது. அதற்குள் தண்ணீர் இறைக்கும் நேரமாகிவிட்டது. மோட்டர் இரையத் தொடங்கியது. அண்ணை ஹெட்போனைக் கழற்றி வைத்தார். அம்மாவின் முகம் சட்டென்று வாடியது. அந்த நேரம் மோட்டர் நின்றது. யன்னலால் பார்த்தேன். அப்பா கிணற்றுக் கட்டில், மண்வெட்டியை மடியில் வைத்துக்கொண்டு, எங்கள் பக்கம் பாராமல் இருந்தார். அம்மா பாடி முடித்து வெளியே வரும் வரை அவர் எழும்பவில்லை. அன்று பயிர் காய்வதைப் பற்றி அவர் ஒன்றும் சொல்லவில்லை.

அல்பத்தை இணையத்தில் போட்டோம். ஊரெல்லாம் கொண்டாடியது என்று சொன்னால் பொய். கொஞ்சப் பேர் கேட்டார்கள். கேட்டவர்கள் அநேகமாக அந்த ஆறாவது பாட்டைத்தான் திரும்பத் திரும்பக் கேட்டார்கள். ஒருநாள் சந்தைக்குப் போன அம்மா வெறும் பையோடு வந்தா. சந்தியில் நின்ற ஓட்டோ ஒன்றில் அந்தப் பாட்டுப் போய்க்கொண்டிருந்ததாம்.

"முடியும் வரைக்கும் நிண்டனான். பிறகு என்னத்துக்கு வந்தனான் எண்டு மறந்துபோச்சு."

"ஓட்டோக்காரரிட்டை சொன்னீங்களே, அது உங்கடை குரல் எண்டு?"

"சீ, வெக்கமில்லையே!" என்றா. ஆனால் அன்று முழுக்க அவவின் முகத்தில் ஒரு வெளிச்சம் இருந்தது.

அண்ணை இப்போது பிரான்சில், ஒரு சாப்பாட்டுக் கடையில் வேலை செய்கிறார். இன்னொரு அல்பம் செய்வோம் என்று இரண்டு பேரும் கொஞ்ச நாள் சொல்லிக்கொண்டிருந்தோம், இப்போது சொல்வதில்லை. போன கிழமை போன் எடுத்தார். என்னோடு இரண்டு வார்த்தை கதைத்துவிட்டு, "அன்ரி நிக்கிறாவோ?" என்றார். அம்மா போனை வாங்கி, "குளிரே தம்பி அங்கை? சாப்பிட்டனீரோ?" என்று கேட்டா. அவர் ஏதோ சொல்ல, இவ சிரிக்க, நெடுநேரம் கதைத்தார்கள். பாட்டைப் பற்றி இரண்டு பேரும் ஒரு சொல் கதைக்கவில்லை. நான் பக்கத்தில் இருந்து கேட்டுக்கொண்டிருந்தேன்.