செனட்டரின் சொல்லடைவு

புத்தகங்களின் கடைசியில், சிறிய எழுத்தில், அகர வரிசையில் ஒரு பட்டியல் வரும். எந்தப் பெயர் எந்தப் பக்கத்தில் இருக்கிறது என்று சொல்லும் சொல்லடைவு. அதைச் செய்துகொடுப்பதுதான் என் தொழில். சென்னையில் கல்லூரி நூலகராக இருந்தேன். மாண்ட்ரியலுக்கு வந்தபோது நூலக வேலைக்குப் பிரெஞ்சு கேட்டார்கள். என் பிரெஞ்சு பான்ஜூரோடும் மெர்சியோடும் நின்றுவிட்டது. அதனால் வீட்டிலிருந்தபடியே, அமெரிக்கப் பதிப்பகங்கள் அனுப்பும் ஆங்கிலப் புத்தகங்களுக்குச் சொல்லடைவு செய்யத் தொடங்கினேன். இருபது வருஷத்துக்கு மேல் ஆகிறது. கண் போய்க்கொண்டிருக்கிறது. கழுத்தைத் திருப்பினால் உள்ளே ஏதோ நெரிபடுவது எனக்கே கேட்கிறது.

ஒரு மார்ச் மாதம் ஒரு வாழ்க்கை வரலாறு வந்தது. அறுநூறு பக்கத்துக்கு மேல், மூன்று வார அவகாசம். பத்தொன்பதாம் நூற்றாண்டின் முதல் பாதியில் பெரிதாகப் பேசப்பட்ட ஓர் அமெரிக்கத் தலைவரைப் பற்றியது. செனட்டர், சபாநாயகர், வெளியுறவு அமைச்சர் என்று எல்லாமாகவும் இருந்தவர். ஜனாதிபதித் தேர்தலில் மட்டும் நின்றபோதெல்லாம் தோற்றார். அடிமை முறையின் பெயரில் வடக்கும் தெற்கும் நாட்டை உடைக்கப் போன சமயங்களில் நடுவில் புகுந்து சமரசம் செய்துவைத்தவர் என்பதுதான் அவர் புகழ். அடிமை முறை தீமை என்று மேடையில் பேசினார். தன் பண்ணையில் அடிமைகளையும் வைத்திருந்தார். ஆயுள் முழுக்க இரண்டையும் ஒருசேரச் செய்தார்.

நான் குடியிருப்பது ஜான்-டலோன் சந்தைக்கு இரண்டு தெரு தள்ளி, ஒரு வீட்டின் மாடியில். வீட்டுக்காரப் பெண் கீழே இருக்கிறார். யாழ்ப்பாணத்துக்காரர், என்னைவிடப் பத்து வயது இளையவர். சந்தையில் ஒரு காய்கறிக் கடையில் நாள் முழுக்க நின்று வேலை செய்துவிட்டு, சாயங்காலம் அடிபட்ட தக்காளியோ வாடின கீரையோ ஒரு பையில் எடுத்துக்கொண்டு மேலே வருவார். வந்ததும் நாற்காலியில் உட்கார்ந்து காலை இன்னொரு நாற்காலியில் தூக்கிப் போட்டுக்கொள்வார். நான் டீ போடுவேன். என் வேலையைப் பற்றி அதுவரை அவர் விசாரித்ததே இல்லை. செனட்டர் வந்த பிறகு தினமும் கேட்டார்.

"இண்டைக்கு உங்கட ஆள் என்ன செய்தவர், அக்கா?"

"மாண்ட்ரியலைப் பிடிக்கணும்னு பேசியிருக்கார். எங்க மாநிலத்து ஆளுங்களே அதுக்குப் போதும்னு சொன்னாராம்."

"எங்கட மொன்றியலையோ? பிடிச்சவரோ?"

"சண்டை வந்தது. பிடிக்க முடியல."

"ஜனவரிக் குளிரில வந்திருந்தா கேக்கவே மாட்டார்," என்று சிரித்தார்.

அடுத்தடுத்த நாள்களில் செனட்டர் தேர்தலில் நின்றார், தோற்றார், மறுபடி நின்றார். ஒவ்வொரு முறையும், "இந்த முறையாவது வெல்லுவாரோ?" என்று கேட்பார். தோற்றார் என்று நான் சொன்னால் உதட்டைப் பிதுக்குவார். ஒரு சமரசத்தைப் பற்றி நான் விளக்கியபோது மட்டும், "அந்த அடிமைச் சனத்திட்டயும் கேட்டவையோ?" என்றார். இல்லை என்றேன். "அப்ப ஆருக்கும் ஆருக்கும் சமரசம்?" என்று கேட்டுவிட்டுக் காலைத் தேய்த்துக்கொண்டார். பதில் எதிர்பார்த்துக் கேட்டதாகத் தெரியவில்லை. நான் கண்ணுக்கு மருந்து விட்டுக்கொண்டேன். அன்று எண்பது பக்கம் முடித்திருந்தேன்.

புத்தகத்தின் நடுவில் நாலே நாலு பக்கத்துக்கு ஒரு பெண் வருகிறாள். செனட்டர் வெளியுறவு அமைச்சராகத் தலைநகரில் இருந்தபோது அவர் வீட்டு அடிமை. அவர் பதவி முடிந்து சொந்த ஊர் திரும்பும் சமயத்தில் அவர் மேலேயே வழக்குப் போட்டாள். தன் தாய் சுதந்திரமானவள், ஆகவே தானும் தன் இரண்டு பிள்ளைகளும் சுதந்திரமானவர்கள் என்பது அவள் வாதம்.

"அந்தாள் மேலயே போட்டவவோ!" கீழ்வீட்டுக்காரர் காலைக் கீழே இறக்கினார். "பேந்து?"

"தோத்துட்டா. ஊருக்குத் திரும்ப மாட்டேன்னு நின்னா. அவளைப் பிடிச்சுச் சிறையில வைக்க ஏற்பாடு பண்ணினார். அப்புறம் தூரத்துல இருந்த தன் மக வீட்டுக்கு வேலைக்கு அனுப்பிட்டார். பத்து வருஷம் கழிச்சு அவரே விடுதலைப் பத்திரம் எழுதிக் கொடுத்தார்."

டீக்குவளையை நகர்த்தி வைத்தார். பிறகு, "என்ர முதல் கேஸையும் தள்ளுபடி செய்துபோட்டவை," என்றார். "நான் சொன்னதை நம்பேல்லையாம். கடிதத்தில அப்பிடித்தான் எழுதியிருந்தது. அதோட ரெண்டு வருஷம் இருந்தனான், அக்கா. வேலைக்கும் போய்க்கொண்டு." அகதி விண்ணப்பத்தைப் பற்றி அவர் என்னிடம் பேசியது அந்த ஒரு தடவைதான்.

அந்தப் பெண்ணின் பெயரைத் தனித் தலைப்பாகவே போட்டேன். வழக்கு, தோல்வி, சிறை, விடுதலை என்று கீழே உள்தலைப்புகள், பக்க எண்கள். தொழில்முறைப்படி அதுதான் சரி. நாலு பக்கம் பேசப்படுகிற எவருக்கும் அப்படித்தான் செய்வேன்.

சொல்லடைவை அனுப்பிய நான்காம் நாள் நூலாசிரியர் தொலைபேசினார். எண்பது வயதைத் தாண்டிய பேராசிரியர். முப்பது வருஷமாகச் செனட்டரோடு வாழ்ந்தவர். குரலில் கடுமையே இல்லை. மூச்சு வாங்கிக்கொண்டு பேசினார்.

"நல்லா செஞ்சிருக்கீங்க. ஆனா பதிப்பகம் ஒதுக்கின பக்கத்துக்கு மேல போயிடுச்சு. குறைக்கணும். அடிமைகள் பேரையெல்லாம் செனட்டர் பேருக்குக் கீழ ஒண்ணாச் சேர்த்துடுங்களேன்."

"குதிரைகளைச் சேர்த்துடலாமே," என்றேன். செனட்டர் பந்தயக் குதிரைகள் வளர்த்தவர். ஒவ்வொரு குதிரைக்கும் பெயரும் தனித் தலைப்பும் இருந்தன.

"குதிரையை எடுக்காதீங்க. அவர் ஊர்ல இந்தப் புத்தகத்தை வாங்கறவங்க முதல்ல அதைத்தான் தேடுவாங்க."

"அந்தப் பெண்ணையும் யாராவது தேடலாம் இல்லையா?"

"அவளைப் பத்திக் கிடைச்ச காகிதம் அத்தனையும் நான் படிச்சிருக்கேன். இன்னும் இருந்தா இன்னும் எழுதியிருப்பேன். எனக்கும் களைப்பா இருக்கு. இதோட முடிச்சுக்கலாமே."

நான் வாதாடியிருக்கலாம். பதிப்பாசிரியருக்கு எழுதியிருக்கலாம். அன்று காலையிலிருந்து கண்ணில் நீர் வழிந்துகொண்டிருந்தது, அடுத்த புத்தகம் வந்து காத்திருந்தது. பேசாமல் ஓர் ஏற்பாடு செய்தேன். அவள் பெயர் தன் எழுத்து வரிசையிலேயே இருக்கும். ஆனால் பக்கத்தில் எண்கள் இருக்காது. 'செனட்டர், அடிமைகள் என்ற தலைப்பைப் பார்க்க' என்று மட்டும் இருக்கும். பேராசிரியருக்கும் அவளுக்கும் பாதிப் பாதி. பேராசிரியர் உடனே ஒப்புக்கொண்டு நன்றி எழுதினார்.

சாயங்காலம் கீழ்வீட்டுக்காரரிடம் சொன்னேன். சொல்லாமலும் இருந்திருக்கலாம்.

"அப்ப அவவைத் தேடிப் போறவை அந்தாளிட்டப் போய்த்தான் கேக்க வேணும்?"

"ஆமா."

"குதிரைக்கு?"

"குதிரைக்கு நேராவே பக்க எண் இருக்கு."

என் மேல் கோபப்படுவார் என்று நினைத்தேன். அவர் டீயை முடித்து, குவளையைக் கழுவி வைத்தார். "உங்களுக்கும் ஏலாமத்தான் இருக்கு, அக்கா. முகத்தைப் பாருங்கோ," என்றார். அந்தச் சொல் எனக்குக் கோபத்தைவிட அதிகமாக வலித்தது.

அக்டோபரில் புத்தகம் வந்தது. கனமான அட்டை, செனட்டரின் ஓவியம். பிரித்ததும் வழக்கம்போல் கடைசிப் பக்கங்களுக்குத்தான் போனேன். நான் அனுப்பியபடியே இருந்தது. கீழ்வீட்டுக்காரர் அதைக் கேட்டு வாங்கிக்கொண்டு போனார். ஆங்கிலம் அவருக்குச் சரளம் இல்லை. சந்தையில் கூட்டம் இல்லாத மத்தியான நேரங்களில், கைபேசியில் சொற்களுக்கு அர்த்தம் பார்த்துப் பார்த்து அந்த நாலு பக்கத்தையும் படித்திருக்கிறார். மூன்று வாரம் கழித்துத் திருப்பிக் கொண்டுவந்தார். பக்கத்தின் ஓரத்தில் மண் படிந்த விரல் அடையாளம் இருந்தது. அதற்கு மன்னிப்புக் கேட்டார்.

"விட்ட பிறகு அவ எங்க போனவ? அதில இல்லையே."

"பேராசிரியருக்கும் தெரியலைன்னு நினைக்கறேன்."

"அந்த மனுசனிட்ட ஒருக்காக் கேட்டுப் பாக்க ஏலாதோ?"

கேட்டேன். பேராசிரியருக்கு ஒரு மின்னஞ்சல் அனுப்பினேன். இரண்டு நாளில் அவர் மகள் பதில் எழுதினார். அப்பா மருத்துவமனையில் இருக்கிறார், உங்கள் கேள்வியைப் படித்துக் காட்டினேன், தன் காகிதப் பெட்டிகளில் அதற்குப் பதில் இல்லை என்று சொன்னார், கேட்டதற்கு நன்றி சொல்லச் சொன்னார் என்று எழுதியிருந்தார். அதைத் தமிழில் சொன்னேன். கீழ்வீட்டுக்காரர் தலையை ஆட்டினார். அன்று அவர் கொண்டுவந்திருந்த லீக்ஸ் வெங்காயத்தாளை இருவருமாக உட்கார்ந்து நறுக்கினோம். அதில் நிறைய மண் இருந்தது. மூன்று தடவை அலச வேண்டியிருந்தது.